உவகையும் மகிழ்ச்சியும் ஒன்றா?

கேள்வி: ‘உவகை’ என்பது மகிழ்ச்சிக்கு இன்னொரு பெயர்தானா? இன்று அதை எங்கே எழுதலாம்?

பதில்: பொங்கி வழியும் மகிழ்ச்சிதான் உவகை. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், கடைசியாக வருவது. அது கண்ணீரோடும் சேரும் என்பதுதான் எனக்குப் பெருவியப்பு. புறநானூறு 278-ஆம் பாட்டில், மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்ட தாய், வாளோடு போர்க்களம் போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். சிதைந்து கிடந்த அவன் உடலைக் கண்டதும், அவன் ஓடவில்லை, போரிட்டே மாண்டான் என்று அறிந்து, பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். அந்தப் பாட்டின் துறையே, அதாவது பொருள்வகையே, ‘உவகைக் கலுழ்ச்சி’. கலுழ்தல் என்றால் அழுதல்.

பேச்சில் உவகை மறைந்தாலும், ‘மனமுவந்து கொடுத்தார்’ என்பதில் அதன் வேர் வாழ்கிறது. பேரன் பிறந்த செய்திக்குத் தாராளமாகப் ‘பேருவகை’ என்று எழுதுங்கள். பஸ்ஸில் சீட் கிடைத்ததற்குச் ‘சந்தோஷம்’ போதும்.