டிக் டிக் சத்தத்தோடு திரும்பி வரும் காடி

வால்வ் கிளியரன்ஸ் வைத்துக் கொடுத்த காடி இரண்டு நாளில் திரும்பி வந்து நிற்கிறது. "முன்பைவிட இப்போதுதான் அண்ணே சத்தம் கூட" என்கிறார் வாடிக்கையாளர். பட்டறையில் சேர்ந்து ஓரிரு ஆண்டே ஆன பையனுக்கு வயிற்றைக் கலக்கும் பேச்சு இது. முதலாளி எட்டிப் பார்க்கிறார், பக்கத்தில் நிற்கும் மற்றவர்களும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் கை எதைத் தேடிப் போகிறது என்பதை வைத்தே ஒருவர் நல்ல மெக்கானிக்காக வருவாரா இல்லையா என்று சொல்லிவிடலாம். ஸ்பேனரைத் தேடினால் சிக்கல்தான். ஃபீலர் கேஜையும், போன தடவை எழுதி வைத்த அளவுகளையும் தேட வேண்டும்.

லுக்குட் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தோட்டங்களில் பெரிய பட்டறைகள் நடந்த காலத்தில் லோரி, டிராக்டர், ஜெனரேட்டர் என்று எல்லாவற்றையும் பிரித்துக் கட்டிய கைகள் இங்கே இருந்தன. சுவா பெத்தோங், தானா மேரா பக்கத்துக் குடும்பங்களில் அப்படி ஒரு தாத்தாவோ மாமாவோ இருந்திருப்பார். இன்று அந்தக் கைத்திறனுக்குப் புதிய வாசல் செப்பாங் பக்கம் திறந்திருக்கிறது. 1999இல் திறந்த 5.543 கிலோமீட்டர் பந்தயத் தளம், சிலாங்கூர் எல்லையைத் தாண்டியதும் எட்டும் தூரத்தில்தான். ஃபார்முலா ஒன் 2017ஓடு போய்விட்டாலும், சொந்தக் காடியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் டிராக் டேக்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அங்கே வரும் பழைய ஹோண்டா சிவிக்குகள், இன்டெக்ராக்களின் வீடெக் என்ஜின்களுக்கு வால்வ் கிளியரன்ஸைக் கையால்தான் வைக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவருக்கு வேலை தானாகத் தேடி வரும்.

முதலில் அடிப்படை. சூடானால் வால்வ் நீளும். நீள்வதற்கு இடம் வேண்டும் என்றுதான் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விடுகிறோம். ஹோண்டா பி16, பி18சி வீடெக் என்ஜின்களில் இன்டேக்குக்கு 0.15 முதல் 0.19 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டுக்கு 0.17 முதல் 0.21 வரை. கே20 என்ஜினுக்கு இதைவிடக் கூடுதல், இன்டேக்கே 0.21இல் தொடங்கும். இன்டேக் வால்வை உள்ளே வரும் காற்றும் பெட்ரோலும் குளிர்விக்கின்றன. எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. இடைவெளி இல்லாமல் போனால் வால்வ் முழுதாக உட்காராது, சூடு இறங்காது, விளிம்பு எரிந்துபோகும்.

இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். இறுக்கமான வால்வ் சத்தம் போடாது. டிராக்கில் அடித்து ஓட்டிய காடியில் சீட் தேயத் தேய வால்வ் மேலே ஏறி இடைவெளி குறுகும். என்ஜின் மாதக்கணக்கில் அமைதியாகிக்கொண்டே வரும். நீங்கள் அதைப் பிரித்து, புத்தகத்தில் உள்ள அளவுக்குச் சரியாக வைத்துக் கொடுத்தால் மெல்லிய டிக் டிக் கேட்கத்தான் செய்யும். வாடிக்கையாளர் கெட்டுப்போனதாக நினைப்பது, சில சமயம் சரியானதன் அடையாளம். அவரைச் சமாதானப்படுத்த ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் இறுக்குவதுதான் இந்தத் தொழிலில் செய்யக்கூடாத முதல் காரியம். காடி அமைதியாகப் போகும். சில மாதம் கழித்து எரிந்த வால்வோடு வரும், அல்லது வேறு பட்டறைக்குப் போய் உங்கள் பெயரைச் சொல்லும்.

ஆனால் எல்லாச் சத்தமும் நல்ல சத்தம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஆகவே எண்ணுங்கள். ஐடிலில் என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் கேம் அதில் பாதி, 400 சுற்று. ஒரே ஒரு வால்வ் தளர்ந்திருந்தால் நொடிக்கு ஆறேழு தட்டல்தான் வரும். நொடிக்குப் பதின்மூன்று கேட்டால் சத்தம் கிராங்க் வேகத்தில் வருகிறது. கீழே, பிஸ்டன், கனெக்டிங் ராட் பக்கம் பார்க்க வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்து மெதுவாக ஓட்டினால் எண்ணுவது சுலபம். சீராக எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்பது ஒன்று, ஒரு சிலிண்டரில் மட்டும் தனியாகத் தெறிப்பது இன்னொன்று. இரண்டாவது கேட்டால் கவர் கழற்றியே ஆக வேண்டும்.

கவரைக் கழற்றுவதற்கு முன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். வெளியில் வாங்கிப் பூட்டிய ஹெடரில் கேஸ்கெட் கசிந்தால் அச்சு அசல் வால்வ் சத்தம்தான் வரும். சூடானதும் உலோகம் விரிந்து அடங்கிவிடும். இன்ஜெக்டரும் டிக் டிக் என்றுதான் தட்டும். வால்வ் வேலையோடு சேர்த்து எண்ணெயும் மாற்றியிருந்தால், எந்தத் தடிமன் போட்டோம் என்று பாருங்கள். ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்துவிட்டு ஒன்றின் மேல் மட்டும் பழி போடக் கூடாது. கே20இல் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கரகரவென்றால் டைமிங் செயின், டென்ஷனர் பக்கம் போங்கள்.

இனி அளப்பது. ஹோண்டா புத்தகம் சிலிண்டர் ஹெட் 38 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊர்த் தகரக் கூரைப் பட்டறையில் மதியம் நிறுத்திய காடி சாயங்காலம் வரை அந்தச் சூட்டுக்கு இறங்காது. வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும் காடியை இரவு விட்டுப் போகச் சொல்லுங்கள். காலையில் முதல் வேலையாக எடுங்கள். சுடச்சுட அளந்தால் வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. முதல் சிலிண்டரை டாப் டெட் சென்டரில் வையுங்கள். பிறகு கிராங்கை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி 1, 3, 4, 2 என்ற வரிசையில் போங்கள். பி வரிசை என்ஜின் இடஞ்சுழியாகச் சுற்றும், கே வரிசை வலஞ்சுழியாக. திசை மாற்றித் திருப்பினால் பெல்ட்டும் செயினும் தளர்ந்து குறி நகரும். கேமின் மேடு ராக்கரைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அளந்தால் தவறான எண்தான் கிடைக்கும்.

பி16இன் இன்டேக்கில் 0.15 தகடு உரசிக்கொண்டு நுழைய வேண்டும், 0.20 நுழையவே கூடாது. இதுவே நல்ல சோதனை. கை உணர்வு ஆளுக்கு ஆள் மாறும். நுழைந்தது, நுழையவில்லை என்பது மாறாது. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கொஞ்சம் சேர்ந்து சுற்றும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்காத வால்வை வைத்த வால்வ் என்று சொல்ல முடியாது. புதியவர்கள் வைத்த காடி சத்தத்தோடு திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவு எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வால்வ் அடம்பிடித்தால் அந்த ஸ்க்ரூவைக் கழற்றி நுனியைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் தட்டித் தட்டி நுனியில் குழி விழுந்திருக்கும். தட்டையான கேஜ் அந்தக் குழியின் மேல் பாலம் போட்டதுபோல் படுத்துக்கொள்ளும். கேஜ் 0.17 என்று காட்டும், உண்மையான இடைவெளி அதைவிடக் கூட. ஸ்க்ரூவை மாற்றாமல் தீராது. வீடெக்கில் நடு ராக்கரை விரலால் அழுத்தியும் பாருங்கள், தனியாக அசைந்து திரும்ப வேண்டும். அதன் கீழே உள்ள லாஸ்ட் மோஷன் ஸ்பிரிங் தளர்ந்தாலும் சத்தம் வரும்; கிளியரன்ஸ் வைத்து அதைப் போக்க முடியாது. ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள என்ஜினில் வைப்பதற்கே கிளியரன்ஸ் கிடையாது. பழைய டொயோட்டா 4ஏ-ஜிஇயில் ஷிம் மாற்ற வேண்டும். காடி எது என்று பார்க்காமல் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பதினாறு வால்வ் என்றால் பதினாறு எண். பிரித்தபோது என்ன இருந்தது, வைத்தபின் என்ன இருக்கிறது என்று இரண்டு வரிசையாக எழுதி, காடி ஓடிய கிலோமீட்டர், எண்ணெய், தேதி சேர்த்து, ஒரு பிரதியை வாடிக்கையாளரிடம் கொடுங்கள். அவர் சத்தத்தோடு திரும்பி வந்தால் பேச்சு அந்தத் தாளில் இருந்து தொடங்கும். "உங்கள் எக்ஸாஸ்ட் நான்கு முன்பு 0.08க்கு வந்துவிட்டது அண்ணே, இப்போது 0.19. அதனால்தான் கேட்கிறது. நாளைக்குக் காலை காசு வாங்காமல் மறுபடி அளந்து காட்டுகிறேன், நீங்களும் வந்து பாருங்கள்." இப்படிச் சொல்பவரிடம் கோபப்பட ஆள் குறைவு. மறு அளவைக்குப் பணம் கேட்கும் பட்டறைகள் உண்டு. அது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். தவறு கிடைத்தால் திருத்த வேண்டியது நாம். கிடைக்காவிட்டால் அவர் நம்பிக்கையாவது கிடைக்கிறது.

அந்தத் தாள்களை வீசிவிடாதீர்கள். பள்ளிக்குப் பின் நேராகப் பட்டறைக்குப் போன நம் பிள்ளைகள் பலரிடம் கை இருக்கிறது, காகிதம் இல்லை. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம்மை வகுப்பறை வழியாக மட்டும்தான் வாங்க முடியும் என்பதில்லை. மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகே, பிபிடி என்ற முறையில் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருகிறது. அதற்குச் சான்றுக் கோப்பு வேண்டும்: செய்த வேலையின் படங்கள், பதிவுகள், முதலாளியின் உறுதிக் கடிதம். இரண்டு ஆண்டு அளவுத் தாள்கள் கையில் இருந்தால் கோப்பில் பாதி தயார். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எஸ்எல்டிஎன் என்ற பயிற்சி முறை உண்டு. அதில் பயிற்சியின் பெரும்பகுதி வேலை இடத்திலேயே நடக்கும். எஸ்கேஎம் மூன்றாம் நிலைக்குப் பின் டிகேஎம் என்ற டிப்ளோமாவுக்கும் வழி திறக்கிறது.

பந்தயக் காடி பார்க்கும் பெரிய பட்டறைக்கு நேர்முகம் போகும்போதும் அந்தக் கோப்பைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். நீங்களும் அவர்களைக் கேளுங்கள்: என்ஜினுக்குரிய சர்வீஸ் புத்தகம் இருக்கிறதா, டார்க் ரெஞ்சைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், காடியை இரவு முழுக்க ஆறவிட முதலாளி சம்மதிப்பாரா. மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால், சம்பளம் கூடுதலாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.