திருச்சி – சிங்கப்பூர்: தூரக் கணக்கும் நேரக் கணக்கும்

கொண்டுவிற்கக் கடல் கடந்த நம் செட்டிநாட்டு முன்னோருக்கு, நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. ‘ரஜூலா’ கப்பல் 1970-களில் ஓய்வு பெற்றது. அடுத்து வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985-இல் தீ விபத்துக்குள்ளானதோடு அந்தப் பயணிகள் கப்பல் காலமும் முடிந்தது. இன்று திருச்சியிலிருந்து விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம்தான். ஆனாலும் டிக்கெட்டில் உள்ள மணியைத் தவறாகப் புரிந்துகொண்டு விமானத்தைக் கோட்டை விடுவோர் உண்டு. வணிகர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

1. தூரம்

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நேர்வழியில் சுமார் 3,000 கி.மீ.; கோலாலம்பூர் சுமார் 2,700 கி.மீ. உயரே சென்றபின் விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதையில் ஊர்வது எல்லாம் சேர்ந்தால் சராசரி 750 கி.மீ. என்று கொள்ளலாம். 3,000-ஐ 750-ஆல் வகுத்தால் 4 மணி. காற்றின் போக்கால் சில நிமிடம் கூடும், குறையும்.

2. கடிகாரம்

சிங்கப்பூர், மலேசியக் கடிகாரங்கள் நம்மைவிட இரண்டரை மணி முந்தியவை. (1981 முடிய இரண்டு மணிதான், 1982 முதல் இரண்டரை.) டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியே இருக்கும். காலை 10.00-க்குத் திருச்சியில் புறப்பட்டால், சேரும் நேரம் மாலை 4.30 என்றிருக்கும், பார்ப்பதற்கு ஆறரை மணி. காலை 10.00-க்கு அங்கே புறப்பட்டால் இங்கே பகல் 11.30; பார்ப்பதற்கு ஒன்றரை மணி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: நான்கு மணி. அதுவே உண்மையான பறக்கும் நேரம்.

3. தேதி

பலர் ஏமாறுவது இதில்தான். ‘செவ்வாய் 00.45’ என்றால் திங்கள் நள்ளிரவு தாண்டி முக்கால் மணி. மூன்று மணி முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். காரைக்குடியிலிருந்து சாலை வழி இரண்டு மணி. ஆகவே திங்கள் மாலை ஏழரைக்குள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். செவ்வாய் இரவு போய் நின்றால் டிக்கெட் பணம் போனதுதான்.

4. வீட்டிலிருந்து கடை வரை

சாலை 2, காத்திருப்பு 3, பறப்பது 4, அங்கே குடிநுழைவுச் சோதனை, பெட்டி, ஊருக்குள் போவது ஒன்றரை. ஆக மொத்தம் பத்தரை மணி நேரம். போய் இறங்கும் அன்றே கொள்முதல் பேச நாள் குறிக்காதீர்கள்.

5. தொலைபேசி

இங்கே நாம் கல்லாவில் உட்காரும் காலை 9.30-க்கு அங்கே பகல் 12 மணி. இங்கே பிற்பகல் 1.30 ஆகும்போது அங்கே மாலை 4. பணம் அனுப்புவது, சரக்கு ஏற்றுவது பற்றிய பேச்சைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளினால் ஒரு நாள் வீணாகும். சனி, ஞாயிறு குறுக்கிட்டால் மூன்று நாள். கடை திறந்ததும் முதல் போன் கிழக்கே போகட்டும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பிந்தியது. அங்கே பேச மாலை வரை நேரம் உண்டு.