பேக்கப் வந்துவிட்டது, கோப்புகள் திறக்கவில்லையா? லினக்ஸில் உரிமையாளர் சிக்கலைத் தீர்க்கும் வழி

லினக்ஸ் சர்வரைப் புதிய கணினிக்கு மாற்றுகிறீர்கள். பேக்கப்பிலிருந்து எல்லாக் கோப்புகளும் வந்துவிட்டன. ஆனாலும் மைஎஸ்க்யூஎல் கிளம்ப மறுக்கிறது. இணையதளம் 'பெர்மிஷன் டினைட்' என்கிறது. இந்த நேரத்தில் பலரும் பதறிப்போய் எல்லாவற்றுக்கும் 777 அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோப்புகளுக்கு முன்பு இருந்த அனுமதிகள் தடமில்லாமல் அழிந்துபோகும். எல்லோரும் படிக்கும்படி கிடக்கும் எஸ்எஸ்எச் சாவியை எஸ்எஸ்எச்சே ஏற்காது.

வட்டில் கோப்பின் உரிமையாளராகப் பதிவாவது ஓர் எண் மட்டுமே. இடிசி ஃபோல்டரில் உள்ள பயனர் பட்டியலைப் பார்த்து, அந்த எண்ணுக்குரிய பெயரைக் கணினி திரையில் காட்டுகிறது. உபுண்டுவில் நாம் உருவாக்கும் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001 என்று எண் போகும். வெப் சர்வரின் பயனருக்கு உபுண்டுவில் 33, ரெட்ஹாட் வகைகளில் 48. மைஎஸ்க்யூஎல்லுக்கு உபுண்டுவில் நிலையான எண் கிடையாது. நிறுவும்போது எந்த எண் காலியாக இருக்கிறதோ அது கிடைக்கும். அதனால்தான் பழைய கணினியின் எண் புதியதில் வேறொருவருக்குப் போய்விடுகிறது.

முதலில் டேட்டாபேஸ், வெப் சர்வர் இரண்டையும் நிறுத்துங்கள். பிறகு 'எல்எஸ் -எல்என்' கொடுத்து எண்களைப் பாருங்கள். பெயர்களை நம்ப வேண்டாம்.

எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே எண், அதுவும் உங்கள் எண்ணே வருகிறதா? சுடோ இல்லாமல் மீட்டிருக்கிறீர்கள். சாதாரணப் பயனர் பேக்கப்பைப் பிரித்தால் டார் கட்டளை எல்லாவற்றையும் அவர் பெயரிலேயே எழுதும். சுடோவுடன் மறுபடி பிரித்தால் போதும். ஆனால் கோப்புகளை எக்ஸ்ஃபேட் பென் டிரைவில் அப்படியே நகலெடுத்து வைத்திருந்தால், அங்கே உரிமையாளர் விவரம் பதிவாகவே இல்லை. ஃபோல்டர் ஃபோல்டராகக் கையால்தான் கொடுக்க வேண்டும்.

எண்கள் கலந்து வந்தால் பழைய பயனர் பட்டியலைத் தேடி எடுங்கள். அதைப் புதியதன்மேல் எழுதிவிடாதீர்கள். புதிய கணினியில் ஏற்கெனவே நிறுவிய சேவைகளின் எண்கள் குழம்பிவிடும். இரண்டையும் அருகருகே வைத்து, எந்த எண் எதுவாக மாற வேண்டும் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு சேவைக்கே உரிய ஃபோல்டர் என்றால் வேலை சுலபம். மைஎஸ்க்யூஎல் டேட்டா ஃபோல்டருக்கு 'சிஎச்ஓன் -ஆர்' கட்டளையில் பயனர், குழு இரண்டையும் மைஎஸ்க்யூஎல் என்று கொடுத்தால் முடிந்தது.

எண்கள் இடம் மாறியிருந்தால்தான் நிதானம் தேவை. பழைய கணினியில் கணக்குப் பிரிவு 1001, விற்பனைப் பிரிவு 1002. புதியதில் இது தலைகீழ் என்று வையுங்கள். 1001-ஐ நேரே 1002 ஆக்கினால் இரு பிரிவின் கோப்புகளும் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது. யாருக்கும் இல்லாத ஓர் எண்ணை, உதாரணமாக 60001-ஐ, இடையில் வையுங்கள். முதலில் 1001-ஐ 60001 ஆக்குங்கள். அடுத்து 1002-ஐ 1001 ஆக்குங்கள். கடைசியாக 60001-ஐ 1002 ஆக்குங்கள். 'சிஎச்ஓன்' கட்டளையில் '--ஃப்ரம்' சேர்த்தால் குறிப்பிட்ட எண்ணுள்ள கோப்புகள் மட்டும் மாறும். '-எச்' சேர்த்தால் சிம்பாலிக் லிங்க் சுட்டும் கோப்பு மாறாது. குழு எண்களுக்கும் இதே வரிசைதான்.

யுஎஸ்ஆர் ஃபோல்டரிலோ மொத்த வட்டிலோ இந்தக் கட்டளையை ஓட்டவே ஓட்டாதீர்கள். உரிமையாளரை மாற்றும்போது, சுடோ போன்றவை ரூட் உரிமையோடு ஓடத் தேவையான செட்யுஐடி அடையாளம் நீங்கிவிடும். அதன்பின் சுடோவே வேலை செய்யாது.

முடித்ததும் 'ஃபைண்ட்' கட்டளையில் '-நோயூசர்', '-நோகுரூப்' ஆகியவற்றைத் தனித்தனியே கொடுத்து, உரிமையாளரோ குழுவோ இல்லாத கோப்பு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் வராவிட்டால் சேவைகளைத் தொடங்கலாம்.

டார் பெயர், எண் இரண்டையும் சேமிக்கும். ரூட்டாகப் பிரிக்கும்போது முதலில் பெயரைத்தான் பொருத்திப் பார்க்கும். வேறு கணினிக்கு மாற்றும்போது அது நல்லது. ஆனால் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து அதே கணினியை மீட்கும்போது, அந்த யுஎஸ்பியின் பயனர் பட்டியல்தான் கணக்கில் வரும். அப்போது டாருக்கு '--நியூமெரிக்-ஓனர்', ஆர்சிங்க்குக்கு '--நியூமெரிக்-ஐடிஸ்' கட்டாயம் சேர்க்க வேண்டும்.

உங்கள் பேக்கப்பில் பயனர் பட்டியலும் குழுப் பட்டியலும் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் இப்போதே சேர்த்துவிடுங்கள்.