நீர்ச்சறுக்குப் பலகையைத் தேர்ந்தெடுத்தலும் சீர்செய்தலும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியைச் சேர்ந்த சுள்ளிக்கல்லுக்கு அண்மையில் தோப்பும்படி உள்ளது. அங்கிருந்து வில்லிங்டன் தீவுக்குச் செல்லும் பழைய துறைமுகப் பாலத்தின்மீது நின்று காயலை நோக்குவோர், படகுகள் இருவகையாகச் செல்வதைக் காணலாம். துடுப்பால் உந்தப்படும் வள்ளம், சுமை ஏற ஏற நீரில் ஆழ்கிறது. அது விலக்கும் நீரின் எடை வள்ளத்தின் மொத்த எடைக்குச் சமமாகும். இது ஆர்க்கிமிடீஸ் தத்துவம். விரைவாகச் செல்லும் இலேசான இயந்திரப் படகோ, வேகம் மிகுந்ததும் தன் முகப்பை உயர்த்தி, நீரின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்கிறது. அப்போது அதைத் தாங்குவது பெரும்பாலும் நீரின் மிதப்பு விசை அன்று. சாய்ந்த அடிப்பகுதியை ஓடும் நீர் மேல்நோக்கித் தள்ளும் விசையேயாகும்.

இவ்விரண்டாவது தத்துவத்தை ஒரே பலகையில், ஒரு மனிதன் நின்றவாறே பயன்படுத்தும் விளையாட்டு நீர்ச்சறுக்கு. இதில் கருவியின் தேர்வும் அமைப்பும் தவறினால் பொருளும் உழைப்பும் வீணாவதோடு, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் ஊறு நேரும். ஆகவே தொழில்முறையின்றிப் பொழுதுபோக்காகப் பயில்வோர் கருவியை எவ்வாறு தெரிந்தெடுத்துத் தம் உடலுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்பது இங்கே விளக்கப்படுகிறது.

நீர் தாங்கும் விதம்

நாற்று நடுவதற்குமுன் சேற்று வயலில் பரம்படிப்பதைக் கள ஊழியர் பலரும் கண்டிருப்பர். மாடுகள் இழுக்கும் பலகையின்மீது உழவர் ஏறி நிற்கிறார். அவர் உடலை முன்பக்கம் சாய்த்தால் பலகையின் முன்விளிம்பு சேற்றில் குத்துகிறது. சற்றே பின்பக்கம் சாய்த்தால் முன்விளிம்பு எழும்பிப் பலகை வழுக்கிச் செல்கிறது. நீர்ச்சறுக்குக்கும் இதுவே அடிப்படை.

1922 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பெப்பின் ஏரியில் ரால்ப் சாமுவெல்சன் என்ற இளைஞர் இதைத் தம் அனுபவத்தால் கண்டறிந்தார். அவர் முதலில் பீப்பாய்ச் சட்டங்களைக் காலில் கட்டிப் பார்த்தார். பிறகு பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிப் பார்த்தார். இரண்டும் பயன்படவில்லை. பின்னர் ஏறக்குறைய எட்டடி நீளமுள்ள அகன்ற பலகைகளை வாங்கி, அவற்றின் முனைகளைக் கொதிநீரில் பதப்படுத்தி மேல்நோக்கி வளைத்தார். பின்பக்கம் சாய்ந்து, முனைகளை நீருக்குமேல் நிறுத்தியபோது அவர் நீரின்மேல் எழுந்தார். பரப்பு, முனையின் வளைவு, உடலின் சாய்வு ஆகிய மூன்றும் ஒன்றுபட்ட பின்னரே வெற்றி கிட்டியது என்பது கருதத்தக்கது.

பலகையைத் தாங்கும் விசை, நீரில் படியும் பரப்புக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் அமையும். ஓரளவு வரை சாய்வு கூடினாலும் அது கூடும். எடுத்துக்காட்டாக, மணிக்கு 58 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் தாங்கு விசை, அதே பரப்பும் சாய்வும் உள்ள நிலையில், 46 கி.மீ. வேகத்தில் கிடைப்பதைப்போல் ஏறக்குறைய 1.6 மடங்காகும்.

ஓட்டப்பாதை

ஒற்றைப் பலகையில் நின்று, மிதவைகளை மாறிமாறிச் சுற்றிச் செல்லும் பிரிவுக்கு ஸ்லாலம் என்று பெயர். இது நார்வே நாட்டிலிருந்து வந்த சொல். பனிச்சரிவில் வளைந்து செல்லும் தடத்தை முதலில் குறித்தது. நீரில் அமைக்கப்படும் பாதையின் நீளம் 259 மீட்டர். நுழைவாயிலிலிருந்து முதல் மிதவைவரை 27 மீட்டர். அடுத்தடுத்த மிதவைகளுக்கு இடையே பாதையின் நெடுகே 41 மீட்டர். கடைசி மிதவையிலிருந்து வெளிவாயில்வரை 27 மீட்டர். ஆறு மிதவைகளும் நடுக்கோட்டின் இருபுறமும் மாறிமாறி, கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தொலைவில் நிற்கின்றன. படகு நடுவே நேராகச் செல்லும். சறுக்குபவர் குறுக்கே பாய்ந்து மிதவைகளின் வெளிப்புறமாகச் சுற்ற வேண்டும்.

போட்டியில் படகின் வேகம் சுற்றுக்குச் சுற்று 3 கி.மீ. வீதம் கூட்டப்படும். ஆடவர்க்கு 58 கி.மீ., மகளிர்க்கு 55 கி.மீ. என்ற உச்ச வேகம் எட்டியபின் வேகத்தைக் கூட்டாமல் கயிற்றைக் குறைப்பர். முழுக்கயிறு 18.25 மீட்டர், பின்னர் 16, 14.25, 13, 12, 11.25 எனக் குறைந்துகொண்டே செல்லும். 11.25 மீட்டரில் கயிற்றின் நீளமே மிதவையின் தொலைவைவிடக் குறைந்துவிடுகிறது. எஞ்சிய தூரத்தைச் சறுக்குபவர் தம் கை நீளத்தாலும் உடற்சாய்வாலும் ஈடுசெய்ய வேண்டும். பொழுதுபோக்காகப் பயில்வோர்க்கு இத்தகைய குறுக்கம் வேண்டுவதில்லை. முழுக்கயிற்றில், குறைந்த வேகத்தில் ஆறு மிதவைகளையும் ஒழுங்காகச் சுற்றுவதே அவர்களுக்கு நல்ல இலக்காகும்.

பலகையைத் தேர்ந்தெடுத்தல்

பலகையை வாங்குவோர் தம் உயரத்தை மட்டும் கூறுவது தவறு. கூற வேண்டியவை இரண்டு: உடலின் எடை, வழக்கமாகச் செல்லும் படகின் வேகம். மேலே கூறிய விதியின்படி, குறைந்த வேகத்தில் செல்பவர்க்கும் மிகுந்த எடையுள்ளவர்க்கும் அதிகப் பரப்பு தேவை. வயது வந்தோர்க்கான பலகைகள் பெரும்பாலும் 160 முதல் 175 செ.மீ. வரை நீளமுள்ளவை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் எடையையும் வேகத்தையும் கொண்டு ஓர் அட்டவணை தருகின்றனர். இரு அளவுகளுக்கு இடையே ஐயம் எழுந்தால், பயில்வோர் பெரியதைக் கொள்வது நன்று. சிறிய பலகை மெதுவான வேகத்தில் ஆழ்ந்து செல்லும். அதனால் இழுவை மிகுந்து, கைகளும் முதுகும் விரைவில் களைப்படையும்.

அடுத்து வடிவம். பலகையை ஒரு சமதளத்தில் கிடத்திப் பக்கவாட்டில் நோக்கினால் அதன் நெடுகே ஒரு வளைவு தெரியும். வளைவு மிகுந்த பலகை எளிதில் திரும்பும், ஆனால் வேகம் குறையும். வளைவு குறைந்தது விரைந்து செல்லும், ஆனால் திரும்ப மறுக்கும். அடிப்புறத்தில் நெடுகே ஓடும் குழிவு நீரைப் பற்றி நிலைப்பு அளிக்கிறது. விளிம்பின் சரிவு, பலகை எவ்வளவு எளிதாகச் சாயும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரட்டைப் பலகையிலிருந்து ஒற்றைப் பலகைக்கு மாறுவோர், முன்பகுதி அகன்ற, எளிய வகையைக் கொள்வது தக்கது. போட்டி வீரர் பயன்படுத்தும் விலையுயர்ந்த பலகை, உயர்ந்த வேகத்துக்கென அமைந்தது. அது பயில்வோர்க்கு உதவுவதைவிட இடர் தருவதே மிகுதி.

காற்பிணை

பாதத்தைப் பலகையோடு இணைக்கும் உறையைக் காற்பிணை எனலாம். முன்கால் எது என்பதை முதலில் அறிய வேண்டும். இரட்டைப் பலகையில் செல்லும்போது ஒரு காலை மெல்லத் தூக்கி, எக்காலின்மீது உறுதியாக நிற்க முடிகிறது என்று பார்ப்பது நம்பத்தக்க முறை. அக்காலே முன்கால். தொடக்கத்தில் பின்காலுக்கு முழு உறை இல்லாமல், விரல்களை மட்டும் பற்றும் பட்டையை அமைத்துக்கொண்டால் நீரிலிருந்து எழுவது எளிது.

காற்பிணை பாதத்தை இறுகப் பற்ற வேண்டும். ஆனால் வலியோ மரத்தலோ தரலாகாது. தளர்ந்த பிணையில் குதிகால் எழும்பும். வீழ்ச்சியின்போது குதிகால் வெளிப்பட்டு, விரற்பகுதி மட்டும் உள்ளே சிக்கும். மிகுதியாக இறுகிய பிணையில் வீழ்ச்சியின்போது கால் விடுபடாது. இரு கால்களுக்கும் முழு உறை இருப்பின், ஒன்று விடுபட்டு மற்றொன்று சிக்கிக்கொள்வது மிகவும் அபாயமானது. இருகால்களும் ஒருங்கே விடுபடுமாறு இரண்டின் இறுக்கத்தையும் ஒத்ததாக அமைத்தல் அவசியம். உறைகள் நனைந்த பின் இறுக்கம் மாறுமாதலால், சோதனையைக் கரையில் மட்டும் செய்யாது நீரிலும் செய்ய வேண்டும்.

காற்பிணை நிற்கும் இடத்தையும் மாற்றலாம். அதை முன்னே நகர்த்தினால் பலகையின் முன்பகுதி மிகுதியாக நீரில் படிந்து, திருப்பம் கூர்மையாகும். ஆயினும் முனை திடீரெனக் குத்தக்கூடும். பின்னே நகர்த்தினால் வால் ஆழ்ந்து, திருப்பம் அகலமாகும். தயாரிப்பாளர் குறித்த இடத்திலிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு துளை அளவு மட்டுமே நகர்த்துதல் நலம்.

துடுப்புத் தகடு

பலகையின் வாலருகே, அடியில், மீனின் துடுப்பை ஒத்த உலோகத் தகடு செங்குத்தாகப் பொருத்தப்பட்டிருக்கும். வால் பக்கவாட்டில் வழுக்கிப்போகாமல் இது தடுக்கிறது. இதன் நிலையை மூன்று அளவுகள் குறிக்கின்றன: தகட்டின் நீளம், பலகைக்குக் கீழே நீண்டிருக்கும் ஆழம், வாலின் முடிவிலிருந்து தகடுவரை உள்ள தூரம். இவை முறையே ஏறக்குறைய 175, 63, 20 மில்லிமீட்டராக இருக்கும். சரியான எண்கள் பலகைக்குப் பலகை மாறும். ஆழம் கூடினால் வாலின் பிடிப்பு மிகும், திருப்பம் தாமதமாகும். ஆழம் குறைந்தால் வால் எளிதில் சுழலும். மிகக் குறைந்தால் திருப்பத்தில் வால் நழுவி வீழ்ச்சி நேரும்.

இங்கு மாற்றம் என்பது மில்லிமீட்டரின் பத்தில் ஒன்று அல்லது இரண்டு அளவே. கண்ணால் மதிப்பிட இயலாதாதலால், பள்ளிப் பரிசோதனைச் சாலையில் வழங்கும் வெர்னியர் அளவி போன்ற கருவி வேண்டும். தகட்டின் பக்கத்தில் சிறு சிறகு ஒன்று பூட்டுவதுண்டு. அது மிதவையை அணுகும்போது வேகத்தைத் தணிக்கும் தடையாகும். மெதுவான வேகத்தில் பயில்வோர்க்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

காயலில் ஒரு கவனம்

கொச்சிக் காயலில் கடலின் ஏற்றவற்றம் நாள்தோறும் இருமுறை நிகழ்கிறது. இத்தகைய நீர்நிலையில் சறுக்குபவர் எளிதில் ஏமாறக்கூடும். மிதவைகள் நங்கூரத்தால் தரையோடு பிணைக்கப்பட்டவை. எனவே பாதையைக் கடக்கும் நேரத்தைக்கொண்டு கணக்கிடும் வேகம் தரையைச் சார்ந்தது. பலகையைத் தாங்குவதோ நீரைச் சார்ந்த வேகம். நீரோட்டம் மணிக்கு 3 கி.மீ. எனக் கொள்வோம். படகு 46 கி.மீ. வேகத்தில் ஓட்டத்தை எதிர்த்துச் செல்லும்போது நீரைச் சார்ந்த வேகம் 49 கி.மீ.; ஓட்டத்தோடு திரும்பி வரும்போது 43 கி.மீ. தாங்கு விசையில் ஏறக்குறைய 30 விழுக்காடு வேறுபாடு உண்டாகிறது. போகும்போது இலேசாக மிதந்த பலகை, வரும்போது ஆழ்ந்து செல்கிறது. இதனைத் துடுப்புத் தகட்டின் குறையெனக் கருதித் திருகாணியைத் தளர்த்துபவர், இல்லாத நோய்க்கு மருந்து தேடுபவராவார். இருதிசைகளிலும் சென்று பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

உவர்நீரில் சறுக்கிய பின் பலகையையும் திருகாணிகளையும் நன்னீரால் கழுவித் துடைத்தல் வேண்டும். இல்லையேல் அரிப்பு உண்டாகி அவை தளரும். மேலும், கப்பலும் பயணப்படகும் செல்லும் வழிகள், மீன்வலைகள் உள்ள இடங்கள், ஆகாயத் தாமரை மிதந்துவரும் பகுதிகள் இவ்விளையாட்டுக்கு உரியன அல்ல. அமைதியான, நேரான, போக்குவரத்தற்ற நீர்ப்பரப்பே தகுந்தது. அங்கும் உரிய அதிகாரிகளின் அனுமதி பெறுதல் வேண்டும்.

சீர்செய்யும் ஒழுங்கு

1. உயிர்காப்பு அங்கி, கயிறு, கைப்பிடி ஆகியவற்றை முதலில் சோதிக்கவும். இழை பிரிந்த கயிற்றை விலக்கவும். கயிற்றைக் கையில் சுற்றுவதோ, கைப்பிடிக்குள் முழங்கையை நுழைப்பதோ கூடாது. படகில் ஓட்டுபவரன்றி, சறுக்குபவரைக் கவனிக்க ஒருவர் இருத்தல் வேண்டும்.

2. தயாரிப்பாளர் தந்த அளவுகளில் பலகையை அமைத்து, அவ்வளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதவும்.

3. பல ஓட்டங்கள் சென்று, அதே குறை மீண்டும் மீண்டும் தோன்றுகிறதா எனக் காணவும். ஒருமுறை வீழ்ந்தது கருவியின் குற்றத்துக்குச் சான்றாகாது. பின்காலில் எடையைச் சுமத்துவதும், இடுப்பை மடக்கி நிற்பதும் பயில்வோரின் பொதுவான தவறுகள். இவற்றை எந்தத் தகடும் திருத்தாது.

4. மாற்றம் தேவையெனத் தெளிந்தால், ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யவும். இரண்டை ஒருங்கே மாற்றினால் பயன் எதனால் விளைந்தது என அறிய இயலாது.

5. நாள், நேரம், காற்று, நீரோட்டம், வேகம், மாற்றம், விளைவு ஆகியவற்றைக் குறிக்கவும். பயன் இல்லையெனில் பழைய அளவுக்கே திரும்பவும்.

வகுப்பறையில்

இவ்விளையாட்டைக் கண்டிராத மாணவர்க்கும் இப்பாடத்தைக் கற்பிக்கலாம். அகன்ற தொட்டியில் நீர் நிரப்பி, ஒரு மர அளவுகோலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து இழுக்கச் செய்க. வேகம் கூடும்போது அது மேல்நோக்கி எழுவதைக் கை உணரும். பிறகு ஒரு சிறு மரத்துண்டின் முன்முனையில் நூல் கட்டி நீரில் இழுக்கவும். அது இருபுறமும் அலையும். அதன் பின்முனையில் தகரத் துண்டொன்றைச் செங்குத்தாகச் செருகி மீண்டும் இழுத்தால் நேராக வரும். தகரத்தின் ஆழத்தை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் விளைவை எழுதச் செய்க.

வினாக்கள்

1. மணிக்கு 58 கி.மீ. வேகத்தில் 259 மீட்டர் பாதையைப் படகு கடக்க எத்தனை வினாடி ஆகும்? (விடை: ஏறக்குறைய 16.)

2. ஒரு மிதவையிலிருந்து அடுத்ததற்கு நேர்கோட்டுத் தூரம் எவ்வளவு? (விடை: நெடுகே 41, குறுக்கே 23, ஆகவே ஏறக்குறைய 47 மீட்டர்.)

3. ஒரே எடையுள்ள இருவரில் ஒருவர் 43 கி.மீ., மற்றவர் 55 கி.மீ. வேகத்தில் செல்கின்றனர். பெரிய பலகை யாருக்கு வேண்டும்? காரணம் கூறுக.