ரோமில் ஐந்து தோழிகள், ஒரு மேசை

கேள்வி: கல்லூரித் தோழிகள் ஐந்து பேர் பிப்ரவரி கடைசியில் ரோம் போகிறோம். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் சாதாரண டிராட்டோரியா ஒன்றில் ஓர் இரவு சேர்ந்து சாப்பிட ஆசை. எங்களில் ஒருத்தி முட்டைகூடத் தொடாத சைவம். அவளை வெறும் ரொட்டியோடு உட்கார வைக்காமல் எப்படி ஆர்டர் செய்வது?

பதில்: உங்கள் தோழிக்கு நல்ல சாப்பாடே கிடைக்கும். ஆனால் இறைச்சித் துண்டு கண்ணில் படாததெல்லாம் சைவம் என்று நம்பிவிடாதீர்கள்.

ரோமின் பெயர்பெற்ற பாஸ்தாக்கள் நான்கு. கார்போனாரா, அமாத்ரிச்சானா, க்ரீச்சா மூன்றிலும் பன்றிக் கன்னத்து இறைச்சி உண்டு. நான்காவதான காச்சோ எ பேப்பேயில் சீஸும் மிளகும்தான். சைவம் என்றதும் பலரும் இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் அதில் சேரும் பெக்கொரீனோ ரொமானோவுக்குப் பாலைத் திரிக்க, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைச் சேர்க்கிறார்கள். பார்மிஜானோ சீஸுக்குக் கன்றுக்குட்டியினுடையது. இதைத் தோழியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாப்பிடுவதா, விடுவதா என்பது அவர் முடிவு. மேசையில் வைத்து, ‘ஒருநாள்தானே, பரவாயில்லை’ என்று யாரும் வற்புறுத்த வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 2014 டிசம்பர் முதல், ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்கள் எந்தெந்த உணவில் இருக்கின்றன என்று உணவகங்கள் தெரிவித்தாக வேண்டும். முட்டையும் மீனும் அந்தப் பட்டியலில் உண்டு. இறைச்சியும் ரென்னெட்டும் இல்லை. அவற்றை நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

சீஸ் வேண்டாமென்றால் தக்காளி சாஸில் ஸ்பகெட்டி கேட்கலாம். காய்ந்த ஸ்பகெட்டி கோதுமை ரவையும் தண்ணீரும்தான். ஃபெட்டுச்சீனி போன்ற பச்சைப் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். ‘சென்ட்ஸா ஃபொர்மாஜ்ஜோ’ என்றால் சீஸ் இல்லாமல் என்று பொருள்.

என்னைக் கேட்டால், உங்கள் விருந்தே ‘கொன்தோர்னி’ என்ற காய்கறிப் பகுதியில்தான் இருக்கிறது. நீங்கள் போகும் சமயம் ஆர்ட்டிசோக் பருவம். யூதர் பாணியில் அதை முழுசாக இரண்டு முறை எண்ணெயில் பொரித்து, இதழ்கள் மொறுமொறுவென்று விரிய வைப்பார்கள். அதே எண்ணெயில் மீனும் பொரிப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். ரோமானிய பாணியில் புதினா, பூண்டு வைத்து ஆலிவ் எண்ணெயில் வேகவைப்பார்கள், அது கவலையில்லாதது. சிக்கோரியா என்ற லேசான கசப்புக் கீரையைப் பூண்டு, மிளகாயோடு வதக்கித் தருவார்கள். நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். புந்தரெல்லே சாலட்டில் மட்டும் நெத்திலி அரைத்த கலவை இருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். இந்தக் காய்கறிகளைத் தோழிக்கென்று ஒரு தட்டாகச் சொல்லாமல், ஐவருக்குமாக நடுவில் வைக்கச் சொல்லுங்கள். அவர் மட்டும் தனியாக ஏதோ சாப்பிடுகிறார் என்ற நிலையே வராது.

மற்றபடி பெரிய கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு பாஸ்தா, நடுவில் காய்கறிகள் என்று சொன்னால் போதும். நீங்கள் கேட்டால்தான் பில் வரும். இருக்கைக் கட்டணம் வாங்க ரோம் இருக்கும் லாத்சியோ மாநிலத்தில் 2006 முதல் தடை. ரொட்டிக்குத் தனியாகப் போடலாம். டிப்ஸ் கட்டாயமில்லை.

இரவுச் சாப்பாடு ஏழரை, எட்டுக்குத்தான் தொடங்கும். ஐந்து பேர் என்பதால் முன்பதிவு செய்துவிடுங்கள். முட்டை, மீன், இறைச்சி, ரென்னெட் சேர்ந்த சீஸ் ஆகாது என்பதை அப்போதே சொல்லி, இத்தாலிய மொழியில் ஒரு சீட்டிலும் எழுதி எடுத்துப் போங்கள். கூட்டம் நெரியும் நேரத்தில் பரிமாறுபவர் அதை அப்படியே சமையலறைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடலாம்.