வியட்நாம் யுத்தமும் பிளவுபட்ட அமெரிக்க மக்களும்

மாதிரி வினா: "வியட்நாம் யுத்தம் ஐக்கிய அமெரிக்க மக்களைப் பிளவுபடுத்தியது." விளக்குக.

மாணவர்களே, இவ்வினாவுக்குப் பலர் "அமெரிக்க மக்கள் யுத்தத்தை எதிர்த்தனர்" என ஒரே வரியில் எழுதிவிடுகின்றனர். எல்லோரும் எதிர்த்திருந்தால் பிளவு எங்கிருந்து வரும்? வினாவிலுள்ள "பிளவு" என்ற சொல்லின் கீழ் முதலில் கோடிடுங்கள். யார் யாரிடமிருந்து, எதனால் பிரிந்தனர் என்பதே கேட்கப்படுகின்றது.

பின்னணியைச் சுருக்கமாக எழுதினால் போதும். 1964 ஆகஸ்டில் டொன்கின் வளைகுடாத் தீர்மானத்தின் மூலம் காங்கிரஸ், படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை ஜனாதிபதி ஜோன்சனுக்கு வழங்கியது. 1965 மார்ச்சில் அமெரிக்கப் படைகள் டா நாங்கில் இறங்கின. 1969 அளவில் அங்கிருந்த அமெரிக்கப் படையினரின் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஆரம்பத்தில் பெரும்பாலானோர் அரசாங்கத்தின் பக்கமே நின்றனர். கலப் கருத்துக்கணிப்பின்படி, படை அனுப்பியது தவறு எனக் கூறியோர் 1965 ஆகஸ்டில் 24 சதவீதம்; 1968 ஆகஸ்டில் 53 சதவீதம். இடையில் நிகழ்ந்தது 1968 ஜனவரியில் தொடங்கிய டெற் தாக்குதல். வெற்றி நெருங்கிவிட்டதாக அரசாங்கம் கூறிவந்த வேளையில், சைகோனிலிருந்த அமெரிக்கத் தூதரகமே தாக்கப்பட்டது. மக்கள் அதனைத் தொலைக்காட்சியில் கண்டனர்.

பிளவின் ஆழமான காரணம் கட்டாய இராணுவ சேவையாகும். இதைத்தான் பலர் எழுதாமல் விடுகின்றனர். பல்கலைக்கழகத்தில் கற்போர் தமது சேவையைப் பிற்போடலாம். எனவே சுமை தொழிலாளர் குடும்பங்களின் மீதும் வறிய குடும்பங்களின் மீதும் கூடுதலாக விழுந்தது. 1969 டிசம்பர் 1 இல் பிறந்த திகதிகளைச் சீட்டிழுத்து அழைப்பு வரிசை தீர்மானிக்கப்பட்டது. முதலில் வந்த திகதி செப்டெம்பர் 14. உங்களைவிடச் சில வயதே மூத்தவர்கள், தமது பிறந்தநாள் எப்போது வரும் என்று அன்றிரவு காத்திருந்தார்கள்.

எதிர்த்தோரும் ஒரே வகையினர் அல்லர். மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரலில் யுத்தத்தைக் கண்டித்தபோது, அவருடன் நின்ற சில சிவில் உரிமைத் தலைவர்களே அவரைக் குறைகூறினர். குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி அதே மாதம் படையில் சேர மறுத்ததால் பட்டத்தை இழந்தார். 1971 இல் உயர் நீதிமன்றம் அவரது தண்டனையை நீக்கியது. 1971 இல் போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரர்களே தமது பதக்கங்களைக் காங்கிரஸ் கட்டடத்தின் முன் வீசியெறிந்தனர்.

1970 மே மாதத்தைக் கட்டாயம் எழுதுங்கள். ஜனாதிபதி நிக்சன் யுத்தத்தைக் கம்போடியாவுக்கு விரிவாக்கியதை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். மே 4 இல் ஒஹையோ மாநிலத்தின் கென்ற் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படை சுட்டதில் 4 மாணவர்கள் இறந்தனர். 9 பேர் காயமடைந்தனர். இறந்தோருள் இருவர் ஆர்ப்பாட்டத்தில் பங்குகொள்ளாதவர்கள். நான்கு நாட்களின் பின் நியூயோர்க்கில் கட்டடத் தொழிலாளர்கள் ஆர்ப்பாட்ட மாணவர்களைத் தாக்கினர். தொழிலாளியின் மகன் போர்க்களத்தில் நிற்க, சேவையிலிருந்து தப்பியவர் கொடியை அவமதிக்கிறார் என்பது அவர்களது கோபம். சூட்டுக்கு மாணவர்களே பொறுப்பு என அக்காலக் கருத்துக்கணிப்பில் பலர் கூறினர். யுத்தம் தவறு எனக் கருதியோருள்ளும் ஆர்ப்பாட்டக்காரரை வெறுத்தோர் இருந்தனர்.

ஒரு தவறான எண்ணம்: "இளைஞர் எதிர்த்தனர், முதியோர் ஆதரித்தனர்." கருத்துக்கணிப்புகளில் யுத்தம் தவறு என்று கூடுதலாகக் கூறியவர்கள் முதியோரே.

கட்டாய சேவை 1973 இல் முடிந்தது; சைகோன் 1975 ஏப்ரல் 30 இல் வீழ்ந்தது. சுமார் 58,000 அமெரிக்கரும் பல இலட்சம் வியட்நாமியரும் இறந்திருந்தனர். சேவையைத் தவிர்த்தோருக்கு 1977 ஜனவரியில் ஜனாதிபதி கார்ட்டர் மன்னிப்பு வழங்கியபோதும் முன்னாள் படையினர் பலர் கொதித்தெழுந்தனர்.

பயிற்சி
1. கட்டாய இராணுவ சேவை சமூக ஏற்றத்தாழ்வை எவ்வாறு வெளிப்படுத்தியது?
2. 1970 மே 4, மே 8 ஆகிய நாட்களின் நிகழ்வுகளை ஒப்பிட்டு, இரு தரப்பினரின் கோபத்துக்குமான காரணங்களை எழுதுக.