பட்டம் ஏற்றியவர்களுக்கு விமானப் பாடம்

எனது மகனுக்குப் பத்து வயது நிறைந்தபோது, றிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் ஒன்று வேண்டுமென்றான். யாழ்ப்பாணத்தில் அவனது வயதில், விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடியவன் நான். பொம்பர் என்பதைத் தவிர விமானம் பற்றிய சொல் எதுவும் எனக்குத் தெரியாது. ஆயினும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாளே, நான் ஓட்டும்போது அது நிலத்தில் மோதி உடைந்தது. காரணம் காற்றல்ல, ஒரு சொல்லின் பொருள் எனக்கு விளங்காமையே. பிள்ளைகளுக்கு விமானம் வாங்க எண்ணும் பெற்றோருக்காக அச்சொற்களை இங்கு தருகிறேன்.

நாம் அறிந்த பட்டத்திலிருந்து தொடங்குவோம். ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோவிலுக்குப் போகும் அன்பர்கள், சற்றுத் தள்ளியுள்ள ஸ்ரான்வெல் பார்க் கடற்கரைக்கும் போய்ப் பாருங்கள். 1894 நவம்பர் 12இல் லோரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் நான்கு பெட்டிப் பட்டங்களைத் தொடுத்து, அவற்றோடு தாமே 16 அடி உயரம் எழுந்தது அங்கேதான். பட்டத்துக்கும் விமானத்துக்கும் விதி ஒன்றே: காற்றைச் சந்திக்கும் கோணமே ஏற்றத்தைத் தீர்மானிக்கிறது. பட்டத்தில் அந்தக் கோணத்தை முச்சை கட்டி அமைக்கிறோம். விமானத்தில் அதற்குரியது எலிவேற்றர்.

எலிவேற்றர்: கிடையான வாலின் பின்விளிம்பில் அசையும் தகடு. கையிலுள்ள குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் விமானத்தின் மூக்கு உயரும், தள்ளினால் தாழும்.

றடர்: நிமிர்ந்த வாலிலுள்ள தகடு. மூக்கை இடம் வலமாகத் திருப்பும்.

எயிலரோன்: இரு சிறகுகளின் பின்விளிம்பிலும் உள்ள தகடுகள். ஒன்று உயர மற்றது தாழும். விமானம் ஒரு பக்கம் சாயும்.

திறொட்டில்: மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது.

இந்நான்கையும் நான்கு சனல் என்பர். தகடுகளை அசைக்கும் சிறு மோட்டர்ப் பெட்டிக்குப் பெயர் சேர்வோ.

சி.ஜி.: விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளி. பற்றரியை முன்பின் நகர்த்தி இதைச் சரிசெய்யலாம். ஐந்தொகை சமப்படாவிட்டால் கணக்காளருக்கு நித்திரை மட்டுமே போகும். இது வால் பக்கம் தள்ளிப்போனால் விமானமே போய்விடும்.

ஸ்ரோல்: என்னை ஏமாற்றிய சொல் இதுதான். காரில் இஞ்சின் நின்றுபோவதை அப்படிச் சொல்வோம். விமானத்தில் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்ரோல் நேரும். மூக்கு அளவுக்கு மிஞ்சி உயர்ந்தால், சிறகின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும். தாங்கும் விசை குறைந்து விமானம் விழும். வேகம் குறைந்திருக்கும்போது இது இலகுவில் நேரும்.

பட்டம் தளர்ந்தால் நாம் என்ன செய்வோம்? நூலைச் சுண்டி இழுப்போம். பட்டம் மேலே ஏறும். என் கையும் அதே பழக்கத்தில் குச்சியை இழுத்தது. விமானத்துக்கு அது நேரெதிரான வைத்தியம். குச்சியை முன்னே தள்ளி, மூக்கைத் தாழ்த்தி, வேகம் சேர்ந்த பின்பே மெல்ல இழுக்க வேண்டும். அதற்குக் கீழே இடம் வேண்டும் என்பதால், போதிய உயரத்தில் பழகுவதே நல்லது.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும். அப்போது எந்தச் சிறகு தாழ்கிறதோ, அந்தப் பக்கமே எயிலரோன் குச்சியைத் தள்ளுங்கள், சிறகு நிமிரும்.

சட்டத்தையும் மறவாதீர்கள். அவுஸ்திரேலியாவில் 120 மீற்றருக்கு மேல் பறக்கவிடலாகாது. மற்றவர்களிடமிருந்து 30 மீற்றராவது விலகியிருக்க வேண்டும். விமானம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கழகமொன்றில் சேர்வது சாலச் சிறந்தது. அங்கே பயிற்றுநரின் கருவியை உங்கள் கருவியுடன் இணைத்திருப்பர். நீங்கள் தடுமாறினால் அவர் பொறுப்பேற்பார்.

விமானச் சத்தம் கேட்டால் இன்றும் ஒரு கணம் என் தலை தானாகக் குனிகிறது. மகன் மேலே பார்த்தபடியே சொல்கிறான்: "அப்பா, இழுக்காதேங்கோ, தள்ளுங்கோ!"